ஹெட்செட்டில் ஆறு முறை செய்தேன், நேரில் குரல் வரவில்லை: அவசரப் பிரசவப் பயிற்சி பற்றிக் கேட்கிறேன்

பிறைத்தாதி | திங்கள், இரவு 10.48

வணக்கம். பினாங்கு பெருநிலப் பகுதியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசி மூன்று மாதமாகப் பிரசவ அறையில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் கடைசி ஆண்டில் எங்களுக்கு விஆர் ஹெட்செட் (கண்மேல் மாட்டினால் பிரசவ அறையே முன்னால் தெரியும் கருவி) வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். தலை வந்தபின் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, தாய்க்கு வலிப்பு, தொப்புள்கொடி முன்னால் இறங்கிவிடுவது என்று நான்கு காட்சிகள். தோள் சிக்குவதை மட்டும் ஆறு முறை செய்தேன். கடைசியில் 100-க்கு 96 வாங்கினேன். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ‘உங்கள் தன்னம்பிக்கை எவ்வளவு?’ என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பின்னால் கொடுத்த படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். மனதார நம்பித்தான் போட்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன், விடியற்காலை நான்கு மணி இருக்கும். ஒரு தாய்க்கு இரண்டாவது பிரசவம். பிரசவம் பார்க்கும் மூத்த மிஸ்ஸி (தாதி) கையுறை மாற்றத் திரும்பியிருந்தார், நான் தாயின் பக்கத்தில் நின்றேன். எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே தலை வந்துவிட்டது. வந்த தலை, ஆமை கழுத்தை இழுத்துக்கொள்வதுபோல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. முதலில் என்ன, அடுத்து என்ன என்று எல்லாப் படியும் மனதில் வரிசையாக ஓடியது. ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவராகத் திரும்பிப் பார்த்து “தோள்!” என்று கத்தினார். ஆட்கள் ஓடிவந்தார்கள். தாயின் இரண்டு தொடையையும் வயிற்றோடு மடக்கிப் பிடித்து, ஒருவர் அடிவயிற்றில் எலும்புக்கு மேலே அழுத்த, குழந்தை வந்தது. அழுதது. இருவரும் நலம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தச் சில நொடிகள் என்னை விடவில்லை. இப்போது புதுத் தாதியருக்காக எங்கள் வார்டுக்கும் இதே மாதிரி பயிற்சி வரப்போகிறது. அண்மையில் படித்து வந்தவள் என்பதால் கருத்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை, அந்தப் பயிற்சியால்தான் படிகளாவது மனதில் ஓடின. ஆனால் ஏதோ ஒன்று அதில் இல்லை. அது என்ன என்று உங்களிடம் கேட்கிறேன்.

பழைய_மிஸ்ஸி | திங்கள், இரவு 11.20

தங்கச்சி, முதலில் ஒன்று. நீ உறைந்துபோனது உன் குணக்கேடு இல்லை. முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்கிறேன், எனக்கும் நடந்திருக்கிறது.

நான் நிபோங் தெபால் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள். அங்கே பிரசவத்துக்கு மருத்துவச்சிப் பாட்டிதான் வருவார். பிறகு கிராம மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த மிஸ்ஸியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் நின்றேன். கை எங்கே போகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சும்மா இருக்கக் கற்பதுதான் ரொம்பக் கஷ்டம். தோள் சிக்கியபோது பதறிப்போய்த் தலையைப் பிடித்து இழுத்தால் குழந்தையின் கை நரம்பு போய்விடலாம், வாழ்நாள் முழுக்க அந்தக் கை தொங்கவும் கூடும். வயிற்றின் மேல்பகுதியில் அழுத்தினால் தோள் இன்னும் இறுகும். அழுத்த வேண்டியது கீழே, எலும்புக்கு மேலே. இது ஹெட்செட்டில் தெரியுமா? எவ்வளவு அழுத்தம் என்று கைக்குச் சொல்லுமா?

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. 1991-ல் இருந்து நம் நாட்டில் ஒவ்வொரு தாய் மரணத்தையும் எடுத்துவைத்து, யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், எங்கே தவறியது என்று ஆராய்கிறார்கள். கர்ப்பிணிகளின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவது தெரியும்தானே, ஆபத்தை முன்கூட்டியே பிரித்து யார் எங்கே பிரசவிக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காக. அதெல்லாம் பல தாய்மாரைக் காப்பாற்றியது. ஆனால் வெள்ளை ஒட்டிய தாய்க்கும் தோள் சிக்கும். அப்போது நிறம் உதவாது, பக்கத்தில் நிற்பவள்தான்.

செந்தூல்_ஆய்வகம் | செவ்வாய், காலை 7.05

நான் கோலாலம்பூரில் ஒரு தாதியர் கல்லூரியில் சிமுலேஷன் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். தங்கச்சி சொன்னது எங்களுக்கு மிக முக்கியமான செய்தி, அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

பொம்மை வைத்துப் பிரசவம் பழகுவது புதிதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் மேடம் டு கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சி துணி, தோல், பஞ்சு எல்லாம் வைத்து ஆளளவு இடுப்பும் குழந்தையும் செய்தார். 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னரின் ஆணையைப் பெற்று, ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொம்மை ஒன்று இன்றும் பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் கையால் பழகட்டும் என்பது அவர் எண்ணம். பழைய மிஸ்ஸி அக்கா கேட்கும் அதே ‘கை’ தான்.

இப்போது ‘மெய்நிகர் பயிற்சி’ என்று ஒரே பெயரில் மூன்று வேறு பொருளை அழைக்கிறார்கள். ஒன்று, கணினித் திரையில் நோயாளி. மவுஸை அழுத்தி மருந்து கொடுப்பது. இரண்டு, ஹெட்செட். மூன்று, பயிற்சியாளர் ஸூமில் இருந்துகொண்டு, மாணவர்கள் அவரவர் இடத்தில் தலையணையோ பொம்மையோ வைத்துச் செய்வது. முதல் இரண்டும் ‘அடுத்து என்ன’ என்பதைக் கற்றுத்தரும். எத்தனை முறை தவறினாலும் யாருக்கும் காயமில்லை, இரவு இரண்டு மணிக்குக்கூட செய்யலாம், அபூர்வமாக நடப்பதை வேண்டியபோது நடக்கவைக்கலாம். அது பெரிய லாபம். கையழுத்தம் வராது. சக மனிதரைப் பார்த்துப் பேசும் பழக்கமும் வராது.

தோள் சிக்கலில் பயிற்சி பலன் தந்ததற்கு நான் மாணவர்களிடம் சொல்லும் உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அங்கே சவுத்மீட் மருத்துவமனையில் தாதி, மருத்துவர் என்று எல்லோருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி கட்டாயமாக்கினார்கள். தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 விழுக்காட்டில் இருந்து 2.3-க்கு இறங்கியது. அந்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது பொம்மையை வைத்து, ஒன்றாக வேலை செய்யும் ஆட்கள் ஒன்றாக நின்று, வாய்விட்டுப் பேசிச் செய்த பயிற்சி. அந்த எண்ணைக் காட்டி ஹெட்செட்டை விற்க வந்தால் ‘அது வேறு, இது வேறு’ என்று சொல்லுங்கள்.

தங்கச்சி, ஒரு கேள்வி. அந்த ஆறு முறையும் உதவிக்கு ஆள் கூப்பிடும் படியை எப்படிச் செய்தீர்கள்?

பிறைத்தாதி | செவ்வாய், மதியம் 1.32

அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு கேன்டீனில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ‘உதவிக்கு அழை’ என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும். கையில் இருக்கும் கருவியால் அதைச் சுட்டினால் போதும். ஆறு முறையும் சுட்டினேன். ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

இருபத்துநான்கு_வயது | செவ்வாய், மதியம் 2.10

அக்கா, நானும் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன்.

நான் படித்தது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலம். 2020 மார்ச் 18-ல் எல்லாம் மூடியது. எங்கள் செட்டில் வார்டுப் பயிற்சி தள்ளித் தள்ளிப் போய், மடிக்கணினியில் நோயாளியைப் பார்த்தோம். வீட்டில் இரண்டு தம்பிகள் வேறு வகுப்பில் இருப்பார்கள், சத்தம் போடக்கூடாது என்று மைக்கை அணைத்துவிட்டு அமைதியாகவே பிரசவம் பார்த்தேன். அம்மா சமையலறையில் இருந்து எட்டிப்பார்த்து “என்னடி பண்ற?” என்பார். “ரத்தம் நிற்கலம்மா” என்பேன்.

அதனால் பயனில்லை என்று சொல்லமாட்டேன். வார்டுக்குப் போன முதல் வாரமே வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஓடும் தாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, சிறுநீர் போகிறதா, முறிவு மருந்து கால்சியம் குளுகோனேட் பக்கத்தில் இருக்கிறதா என்று யாரும் சொல்லாமலே பார்த்தேன். அது திரையில் பத்து முறை தவறிக் கற்றது. எழுதிவைத்துப் பார்ப்பது, எண்ணுவது மாதிரி வேலைக்கு அது நன்றாகவே உதவுகிறது.

நைட்_கால்_எம்ஓ | செவ்வாய், இரவு 9.15

மருத்துவர் பக்கத்தில் இருந்து ஒன்று. பிரசவ அறையில் எனக்குத் தேவை எல்லாம் தெரிந்த புதுத் தாதி இல்லை. சீக்கிரம் கூப்பிடும் தாதி. தப்பாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை. ஓடிவந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகத் திரும்பிப்போவேன்.

முழுமாதக் கர்ப்பத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. குழந்தை பிறந்தபின் கருப்பை இறுகாமல் தளர்ந்து கிடந்தால் அது எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்று நினைத்துப் பாருங்கள். ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், டாக்டர் தூங்குகிறார்’ என்று ஐந்து நிமிடம் தயங்குவது அந்தத் தாய்க்குப் பெரிய நேரம். இப்படித் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் முன் குரல் உயர்த்தாதே என்று வளர்த்திருக்கிறோம், அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

2023-ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் அதிகமான தாய்மாரை வைத்துச் செய்த ஈமோட்டிவ் ஆய்வு வெளிவந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை. அளவுக்கோடு போட்ட பையைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு தாண்டியவுடன் கருப்பையைத் தேய்ப்பது, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், எங்கே கசிகிறது என்று பார்ப்பது, மேலே தகவல் சொல்வது என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் சாவது ஆகிய மூன்றும் சேர்ந்து 60 விழுக்காடு குறைந்தது. யோசித்தால், அளந்து பார்த்தவளுக்குக் கூப்பிடத் தைரியம் வருகிறது. ‘நிறையப் போகிறது டாக்டர்’ என்பதைவிட ‘500 தாண்டிவிட்டது’ என்று சொல்வது எளிது.

பழைய_மிஸ்ஸி | செவ்வாய், இரவு 9.50

டாக்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. கண் ஏமாற்றும். நிறையப் போகப் போக, எல்லோரும் குறைத்தே சொல்வோம். பஞ்சுப் பட்டையைத் தராசில் வை, காய்ந்த எடையைக் கழி, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. புதுப் பிள்ளைகளுக்கு நான் சிவப்புச் சாயத் தண்ணீரை அளந்து பட்டையில் ஊற்றி ‘எவ்வளவு?’ என்று கேட்பேன். தரையில் கொஞ்சம், துணியில் கொஞ்சம், பேசினில் கொஞ்சம். ஒருத்தரும் சரியாகச் சொன்னதில்லை. இதற்கு ஹெட்செட் வேண்டாம், ஒரு பாட்டில் சிரப் போதும்.

பாலம்_தாண்டும்_எம்ஏ | புதன், அதிகாலை 3.40

நான் அவசரப் பிரிவில் உதவி மருத்துவ அதிகாரி. பிரசவ அறையைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆனால் பிரசவமே பார்க்காத புதுத் தாதியரும் எங்களிடம்தான் வருகிறார்கள். காரிலேயே பிறந்து வருவதும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஷிப்டு விடும் நேரத்தில் பினாங்குப் பாலத்தில் மாட்டிக்கொண்டால் 13.5 கிலோமீட்டர் எவ்வளவு நேரம் ஆகும் என்று பினாங்குக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஒருமுறை வாசலில் கார் கதவைத் திறந்தபோது குழந்தை பின்சீட்டில் ஈரமாகக் கிடந்தது. என்னுடன் வந்த தாதிக்குத் திரைப் பயிற்சி முடிந்திருந்தது. உலர்த்து, முதுகைத் தேய், தாயின் மார்பில் போடு, அழவில்லை என்றால் முதல் நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடு என்று வரிசை தெரியும். தூக்கப் போனாள், கை வழுக்கியது, பயந்து கையை எடுத்துவிட்டாள். பிறந்த குழந்தை சோப்புப் போட்ட மீன் மாதிரி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் துண்டை நீட்டினேன், துண்டோடு எடுத்தாள், தேய்த்தவுடன் அழுதது. அப்போதிருந்து பயிற்சிப் பொம்மைக்குச் சமையல் எண்ணெய் தடவித்தான் கொடுக்கிறேன். எல்லா ஆய்வகங்களிலும் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரெண்டு_பிள்ளை_அம்மா | புதன், காலை 10.02

நான் தாதி இல்லை. மச்சம் மாதிரி மனதில் ஒட்டிக்கொண்ட ஒன்று இருக்கிறது, சொல்லலாமா?

எனக்கும் இரண்டாவது பிரசவத்தில்தான் இப்படி ஆனது. நான் தமிழ்நாட்டில் இருந்து கல்யாணமாகிக் கோலாலம்பூர் வந்தவள். அப்போது மலாய் பத்து வார்த்தைகூடத் தெரியாது. பிரசவ அறையில் எல்லோரும் ‘தெரான், தெரான்’ என்றார்கள். முக்கச் சொல்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டேன். தலை வந்தபின் ஏதோ கலவரம். நான்கைந்து பேர் சேர்ந்து சத்தமாக ‘ஜாஙான் தெரான்’ என்றார்கள். என் காதில் விழுந்தது ‘தெரான்’ மட்டும்தான். உயிரைக் கொடுத்து முக்கினேன். முக்காதே என்று சொன்னார்கள் என்பது வீட்டுக்கு வந்து கணவர் சொல்லித்தான் தெரியும். என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

உங்கள் ஹெட்செட்டில் இருக்கும் தாய் என்ன மொழி பேசுகிறாள்?

செந்தூல்_ஆய்வகம் | புதன், மதியம் 12.45

ஆங்கிலம், சகோதரி. எங்களிடம் இருப்பதில் அமெரிக்க உச்சரிப்பு. சொன்ன பேச்சை அப்படியே கேட்பாள். முக்காதே என்றால் முக்கமாட்டாள். உங்களுக்கு நடந்ததை இத்தனை வருடத்தில் ஒரு காட்சியிலும் நான் வைத்ததில்லை. வைத்திருக்க வேண்டும்.

அது உண்மையிலேயே முக்கியமான இடம். தோள் சிக்கியிருக்கும்போது, நிலையை மாற்றி முடிக்கும்வரை தாய் முக்காமல் இருக்க வேண்டும். முக்க முக்கத் தோள் எலும்பில் இன்னும் இறுகும்.

பிறைத்தாதிக்கு என் பதிலையும் இதோடு எழுதிவிடுகிறேன். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம்தான் முதலாவது, மிக வலுவானது. பிறகு நம்மைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பும் ஒருவர் சொல்லும் வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பு படும் பாட்டை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நீங்கள் பொத்தான் அழுத்துவதில் ஆறு முறை வென்றீர்கள், அந்த நம்பிக்கை உண்மைதான். கத்துவதில் ஒருமுறைகூட வெல்லவில்லை. படிவத்தில் போட்ட ஐந்து எதைப் பற்றிய ஐந்து என்று நாங்களும் கேட்கவில்லை.

கருத்தில் இதை எழுதுங்கள் என்று கேட்பேன்: ஹெட்செட் முடிந்த அதே நாளில், அதே காட்சியை, உண்மையான அறையில், உடன் வேலை செய்யும் இருவர் மூவருடன், வாய்விட்டுச் செய்ய வேண்டும். பொம்மை இல்லாவிட்டால் தலையணை. பத்து நிமிடம் போதும், ஆனால் மாதம் ஒருமுறையாவது வர வேண்டும். முடிந்தவுடன் உட்கார்ந்து பேச வேண்டும், பேசாமல் விட்டால் பாதி போய்விடும். அப்புறம் இன்னொன்று, சின்னதுதான்: தூடோங் (முக்காடு) அணிந்த தாதியருக்கு ஹெட்செட் பட்டை சரியாக நிற்காது, இடையில் நழுவிக் கவனம் சிதறும். வாங்கும் முன் அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருபத்துநான்கு_வயது | புதன், மதியம் 1.15

கத்துவதைப் பழக அறை வேண்டும் அண்ணா. பக்கத்தில் உண்மையான தாய்மார் இருக்கும்போது எப்படிக் கத்துவது?

பழைய_மிஸ்ஸி | புதன், மதியம் 1.40

கதவைச் சாத்திக்கொண்டு, முதலில் வரிசையில் இருக்கும் தாய்மாருக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ‘இப்போது பயிற்சி நடக்கும், பயப்படாதீர்கள்’ என்று சொல்லிவிடு. நாங்கள் சொன்னபோது யாரும் முகம் சுளித்ததில்லை. ஒரு பாட்டி ‘நல்லாப் பழகுங்கம்மா’ என்று மைலோ வாங்கிக்கொடுத்தார்.

பிறைத்தாதி | ஞாயிறு, காலை 8.55

இரவு டூட்டி முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன். தூங்கும் முன் எழுதுகிறேன்.

கருத்துத் தாளை வெள்ளிக்கிழமை கொடுத்தேன், பொத்தான் விஷயத்தை முதல் வரியாக வைத்து. நேற்றிரவு இரண்டு மணிக்கு வார்டு அமைதியாக இருந்தது. அன்று முதுகைக் காட்டி நின்ற அதே மூத்த மிஸ்ஸியிடம் போய், ‘அக்கா, உங்களைக் கூப்பிட்டுப் பழக வேண்டும்’ என்றேன். சிரிப்பாரோ என்று பயந்தேன். அவர் உடனே காலி அறைக்குள் போய், கையுறைப் பெட்டியை நோக்கித் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு பேர் கூட வந்தார்கள், ஒருத்தி கட்டிலில் படுத்துத் தாயானாள்.

முதல் முறை என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திரும்பவே இல்லை. இரண்டாவது முறையும் திரும்பவில்லை. மூன்றாவது முறை ‘தோள் சிக்கிவிட்டது, ரெட் அலர்ட், நேரத்தைக் குறியுங்கள்!’ என்று கத்தினேன், தாழ்வாரத்தில் இருந்த உதவியாளர் ஓடிவந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். உடம்பெல்லாம் நடுங்கியது. மூத்த மிஸ்ஸி, ‘எனக்கும் இன்னும் நடுங்கும், நடுக்கத்தோடயே கூப்பிடு’ என்றார்.

இன்னும் ஒரு உதவி வேண்டும். ரெண்டு பிள்ளை அம்மா சொன்னது எங்கள் எல்லோர் மனதிலும் இருக்கிறது. தமிழ் தெரியாத தாதியரும் சொல்லிப் பழகும்படி நான்கைந்து சின்ன வாக்கியம் எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்று வார்டு சிஸ்டர் சம்மதித்துவிட்டார். மலாய் எழுத்திலும் எழுதுவோம். எப்படிச் சொன்னால் அந்த நேரத்தில் உங்களுக்குப் புரிந்திருக்கும்?

ரெண்டு_பிள்ளை_அம்மா | ஞாயிறு, காலை 11.30

படித்துவிட்டு அழுதுவிட்டேன் தங்கச்சி. எனக்குத் தோன்றியது: ‘இப்ப முக்குங்க’, ‘முக்காதீங்க’, ‘காலை மடக்கிப் பிடிக்கிறோம்’, ‘நாங்க இருக்கோம்’, ‘குழந்தை வந்திருச்சு’. வேண்டுமென்றால் என் குரலிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன், கேட்டுப் பழகட்டும்.

பழைய_மிஸ்ஸி | ஞாயிறு, மதியம் 12.05

அம்மா, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். ‘முக்காதீங்க’ வேண்டாம். வலியில் இருக்கிறவள் காதில் முதலில் விழுவது ‘முக்கு’ தான், வால் விழாது. மலாயில் உங்களுக்கு நடந்தது தமிழிலும் நடக்கும். நான் ‘ஊதுங்கம்மா, வாயால ஊதுங்க, ஊதுங்க’ என்றுதான் சொல்வேன், சொல்லிக்கொண்டே அவள் முகத்துக்கு நேரே நானும் ஊதிக் காட்டுவேன். ஊதுகிறவளால் முக்க முடியாது.

பிறைத்தாதி | ஞாயிறு, மதியம் 12.20

குறித்துக்கொண்டேன் அக்கா. மலாயிலும் ‘ஜாஙான் தெரான்’ என்பதற்குப் பதில் ‘தியூப், தியூப்’ (ஊது, ஊது) என்று மாற்றலாமா என்று செவ்வாய்க்கிழமை சிஸ்டரிடம் கேட்கிறேன்.